கொழும்பு அரச அலுவலகத்திடம் தகவல் கேட்டு எழுதுவது எப்படி?

கொழும்புக்குப் புதிதாக வந்து குடியேறியவர்கள் பலர் ஒரு விடயத்தில் ஒரேமாதிரித்தான் அலைகிறார்கள். மாநகர சபையிலோ, பிரதேச செயலகத்திலோ, ஏதோவொரு திணைக்களத்திலோ ஒரு விவரம் தேவைப்படும். நேரில் போனால் "எழுதித் தாருங்கள்" என்பார்கள். எழுதிக் கொடுத்தால் அது எந்த மேசையில் இருக்கிறது என்பதே தெரியாது. பிறகு தெரிந்தவர் யாராவது உள்ளே இருக்கிறாரா என்று தேடத் தொடங்குவோம்.

தெரிந்தவர் தேவையில்லாத வழி ஒன்று இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அது. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையின் வடிகால் வேலை தொடர்பான பத்திரங்களை நான் இந்த வழியால்தான் பெற்றேன். கிடைத்தது உண்மை, சுகமாகக் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அலுவலக வாசலில் நிற்கும்போது அது எவருக்கும் தெரியாததுபோல் நடந்துகொள்வார்கள். எனவே எதை எழுதுவது, எதைக் கையில் வைத்திருப்பது, எந்தத் திகதியைக் குறித்துவைப்பது என்பதை வரிசையாகத் தருகிறேன்.

1. இது உங்களுக்குரிய வழிதானா என்று முதலில் பாருங்கள்

இந்தச் சட்டத்தின் கீழ்த் தகவல் கேட்கும் உரிமை இலங்கைப் பிரசைகளுக்கு உரியது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்துவிட்ட உறவினர் ஒருவர் கனடாவிலிருந்து விண்ணப்பிக்க நினைத்தால், அவருக்காக இங்கே இருக்கும் பிரசை ஒருவர் தன் பெயரில் கேட்பதே நடைமுறை. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குப் பிரச்சினை இல்லை. சங்கங்களும் கேட்கலாம், ஆனால் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பிரசைகளாக இருக்க வேண்டும். தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கம் வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

யாரிடம் கேட்கலாம்? அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண சபைகள், உள்ளூராட்சி மன்றங்கள், கூட்டுத்தாபனங்கள், அரசுக்கு 25 வீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கம்பனிகள், நீதிமன்றங்கள் எல்லாம் இதற்குள் அடங்கும். அரச வங்கியிடம் கேட்கலாம். உங்கள் தனியார் வங்கியோ, நீங்கள் வீடு வாங்கிய கட்டுமானக் கம்பனியோ இதற்குள் வராது. ஆனால் அந்தக் கட்டுமானக் கம்பனிக்கு அனுமதி கொடுத்த அலுவலகம் வரும். தனியாரைப் பற்றிய தகவலைத் தேடுபவர்கள் பெரும்பாலும் இந்தப் பக்கவழியால்தான் போக வேண்டியிருக்கும்.

பிறப்புச் சான்றிதழ், காணி உறுதிப் பிரதி போன்றவற்றுக்கு ஏற்கெனவே தனி விண்ணப்பமும் தனிக் கட்டணமும் இருக்கின்றன. அவற்றை இந்த வழியால் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

2. கடிதம் போகவேண்டிய கதவைக் கண்டுபிடியுங்கள்

கொழும்பில் இதுதான் பாதி வேலை. ஒரே தெருவில் நான்கு அலுவலகங்களுக்கு உரிமை இருக்கும். காலி வீதி போன்ற பிரதான வீதிகள், வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு. அதிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை மாநகர சபையினுடையது. குழாய்நீர் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையைச் சேர்ந்தது. பெயரில் 'வடிகால்' இருக்கிறதே என்று ஒழுங்கைக் கானைப் பற்றி அந்தச் சபைக்கு எழுதாதீர்கள். வெள்ளவத்தைக் கால்வாய் போன்ற பெரிய கால்வாய்கள் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருக்கின்றன.

இன்னொரு பொறி: உங்கள் முகவரி கொழும்பு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். வெள்ளவத்தையிலிருந்து தெற்கே போகும்போது கொழும்பு மாநகர சபையின் எல்லை முடிந்து, தெஹிவளை–கல்கிசை மாநகர சபை தொடங்குகிறது. வாடகை ஒப்பந்தத்தில் வீட்டு உரிமையாளர் என்ன எழுதியிருந்தாலும், சோலை வரிப் (சபைக்குக் கட்டும் வீட்டு வரி) பற்றுச்சீட்டில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் சபை. மத்திய அரசு அலுவலகமென்றால் அது கொழும்பு நகருக்குள் இருக்கவேண்டும் என்றும் இல்லை. அரச அலுவலகக் கட்டடங்களான செத்சிறிபாய, இசுருபாய ஆகிய இரண்டும் பத்தரமுல்லையில் இருக்கின்றன.

அலுவலகம் தெரிந்துவிட்டால், அங்கே 'தகவல் அலுவலர்' யார் என்று பாருங்கள். அவருடைய தொடர்பு விவரங்களையும், மேன்முறையீட்டைக் கேட்கும் 'குறித்தளிக்கப்பட்ட அலுவலர்' விவரங்களையும், கட்டணங்களையும் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் காட்சிப்படுத்த வேண்டும் என்பது சட்டம். நுழைவாயில் சுவரில் அந்தப் பலகையைத் தேடுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் மேன்முறையீடு எழுதும்போது அந்தப் பெயர் தேவைப்படும். பலகை சிங்களத்தில் மட்டும் இருந்தால் 'தொரதுரு நிலதாரி' என்ற சொற்களைக் காவலாளியிடம் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார்.

"எங்களிடம் தகவல் அலுவலர் இன்னும் நியமிக்கப்படவில்லை" என்று சொல்லி அனுப்பிவைக்க முயன்றால் திரும்பி வரவேண்டாம். நியமிக்கப்படும்வரை அந்த நிறுவனத்தின் தலைவரே தகவல் அலுவலராகக் கருதப்படுவார். அவருடைய பதவிப் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்.

3. கேள்வி கேட்காதீர்கள், பத்திரம் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு பகுதியைத்தான் வாசிக்க நேரமிருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

நம்மவர்கள் எழுதும் விண்ணப்பம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "எங்கள் ஒழுங்கையின் வடிகால் மழைக்காலத்தில் நிரம்பி வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. பலமுறை முறையிட்டும் ஏன் எவரும் கவனிக்கவில்லை? இதற்கு யார் பொறுப்பு? எப்போது திருத்துவீர்கள்?"

இதில் இருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் இது முறைப்பாடு. தகவல் அலுவலர் கொடுக்கக் கடமைப்பட்டது, அந்த நிறுவனத்தின் கையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்கும் தகவலை மட்டுமே. கோப்பில் இல்லாத விளக்கத்தை உங்களுக்காக உட்கார்ந்து எழுதித் தர வேண்டிய கடமை அவருக்கு இல்லை. "ஏன்" என்று கேட்டால், "உங்கள் முறைப்பாடு பொறியியற் பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்ற ஒரு வரிப் பதில் வரும். அத்தோடு அவர்கள் கணக்கில் விடயம் முடிந்தது.

அதே கோபத்தைப் பத்திரமாக மாற்றுங்கள். அலுவலகத்தில் ஒரு வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது எங்கோ தாளில் பதிவாகியிருக்கும். முறைப்பாடு வந்தால் பதிவேட்டில் ஏறும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்தால் அறிக்கை எழுதுவார். வேலை செய்வதென்றால் மதிப்பீடு, கேள்விமனு, ஒப்பந்தம், கொடுப்பனவு வவுச்சர் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தாள்கள் பிறக்கும். அவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். மேலே உள்ள முறைப்பாட்டை இப்படி எழுதலாம்:

"இன்ன ஒழுங்கையின் வடிகால் தொடர்பாக 2023 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரையான காலத்துக்குரிய பின்வரும் ஆவணங்களின் சான்றுப்படுத்தப்பட்ட பிரதிகளைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்:
அ. கிடைத்த முறைப்பாடுகளும், அவை மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை பற்றிய கோப்புக் குறிப்புகளும்.
ஆ. அலுவலர்கள் நேரில் பார்வையிட்டுத் தயாரித்த அறிக்கைகள்.
இ. திருத்த வேலைக்கான மதிப்பீடு. ஒப்பந்தம் வழங்கப்பட்டிருந்தால் அதன் பிரதி.
ஈ. கொடுப்பனவு செய்யப்பட்டிருந்தால் வவுச்சர்களும், வேலை நிறைவடைந்தமை பற்றிய சான்றிதழும்."

"ஏன் கவனிக்கவில்லை" என்பதற்கான பதில் 'அ'விலும் 'ஆ'விலும் தானாக வந்துவிடும். அறிக்கை இல்லையென்றால் "அவ்வாறான ஆவணம் எம்மிடம் இல்லை" என்று எழுதித் தர வேண்டியிருக்கும். அந்த வரியும் பெறுமதியானதுதான். எவரும் வந்து பார்க்கவேயில்லை என்பதை அவர்களே கையொப்பமிட்டு ஒப்புக்கொள்கிறார்கள்.

காலப்பகுதியைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். "இதுவரை நடந்த எல்லாம்" என்று எழுதினால் தேட முடியாது என்று தட்டிக்கழிக்க இடம் கொடுக்கிறீர்கள். கோப்பு இலக்கமோ, உங்களுக்கு முன்னர் வந்த கடிதத்தின் இலக்கமோ இருந்தால் அதையும் சேருங்கள். ஒரு விண்ணப்பத்தில் ஒரு விடயத்தை மட்டும் எழுதுங்கள். வடிகாலையும் சோலை வரியையும் ஒரே தாளில் கேட்டால் அந்தத் தாள் இரண்டு பிரிவுகளுக்கு நடுவில் தூங்கும்.

மற்றவர்களின் அந்தரங்கத் தகவல்களைக் கேட்காதீர்கள்; அவற்றை மறுக்கச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இடமளிக்கிறது. தேசிய பாதுகாப்பு, வணிக இரகசியம், மருத்துவப் பதிவுகள் போன்றவையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பட்டியலில் இருக்கிறது என்ற காரணத்துக்காக முழு ஆவணத்தையும் மூடிவைக்க முடியாது. கொடுக்கக்கூடிய பகுதியைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முதலாம் தரப் பாடசாலை அனுமதியில் உங்கள் பிள்ளை நிராகரிக்கப்பட்டிருந்தால் "அனுமதி பெற்ற எல்லாப் பிள்ளைகளின் முகவரிகளும் வேண்டும்" என்று எழுதாமல், உங்கள் பிள்ளைக்கு வழங்கப்பட்ட புள்ளிகளின் விவரத்தையும், அந்தப் பிரிவில் கடைசியாக அனுமதி பெற்றவரின் மொத்தப் புள்ளிகளையும், புள்ளியிட்ட முறையையும் கேளுங்கள். பெயர்களை மறைத்துத் தரலாம் என்று நீங்களே ஒரு வரி சேர்த்துவிட்டால் மறுப்பதற்கான காரணம் ஒன்று குறைகிறது.

4. எந்த மொழியில், எந்தத் தொனியில்

தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பத்தில் எந்த மொழியில் தகவல் வேண்டும் என்று குறிப்பிடும் இடமே இருக்கிறது. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையும், சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியில் தமிழில் எழுதுபவருக்குத் தமிழிலேயே பதில் பெறும் உரிமையைக் கொடுக்கிறது. "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று ஒருவர் சொன்னால், அது அவருடைய வசதிக்காகச் சொல்வது. பதில் கடிதம் தமிழில் வரும் என்றாலும், இணைக்கப்படும் பழைய கோப்புத் தாள்கள் எழுதப்பட்ட மொழியிலேயே பிரதியாக வரும் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை சிங்களம். வாசித்துச் சொல்லக்கூடிய அயலவர் ஒருவர் இருப்பது நல்லது.

அவசரமாகப் பதில் வேண்டும் என்பதற்காக ஆங்கிலத்தில் எழுதுபவர்களும் உண்டு. கொழும்பில் அது நடைமுறைக்கு உதவத்தான் செய்கிறது. ஆனால் அங்கே 'ரிக்வெஸ்ட்' என்ற வினைச்சொல்லில் பலர் சறுக்குகிறார்கள். "ஐ ரிக்வெஸ்ட் ஃபோர் எ காப்பி" என்று எழுதுவது நம் அலுவலகங்களில் மிகச் சாதாரணம். இலக்கணப்படி அது பிழை. வினையாக வரும்போது கேட்கும் பொருள் நேரே பின்னால் வர வேண்டும்: "ஐ ரிக்வெஸ்ட் எ சர்டிஃபைட் காப்பி ஆஃப்..." பெயர்ச்சொல்லாக வரும்போதுதான் 'ஃபோர்' சேரும்: "மை ரிக்வெஸ்ட் ஃபோர் இன்ஃபர்மேஷன்". ஆளைக் குறித்துச் சொல்வதானால் "ஐ ரிக்வெஸ்ட் யூ டு ப்ரொவைட்..." என்று எழுதலாம், கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் அரச கடிதத்துக்குப் பொருந்தும்.

'ஃபோர்' இருந்ததற்காக எவரும் உங்கள் விண்ணப்பத்தை நிராகரிக்கப் போவதில்லை. ஆபத்து வேறு சொற்களில் இருக்கிறது. 'டிமாண்ட்' என்று எழுதாதீர்கள். கொழும்பில் அந்தச் சொல் சட்டத்தரணி அனுப்பும் கடிதத்தை நினைவுபடுத்தும். தகவல் அலுவலர் உடனே அதைச் சட்டப் பிரிவுக்குத் தள்ளிவிட்டு, தன் கையைக் கழுவிக்கொள்வார். மறுபக்கம், 'ஹம்ப்ளி பெக்' என்று கெஞ்சவும் வேண்டியதில்லை. தமிழில் "தாழ்மையுடன் இரந்து வேண்டுகிறேன்" என்று எழுதுபவர்களுக்கும் இதையே சொல்வேன். உரிமையைக் கேட்கும் கடிதத்தில் "கேட்டுக்கொள்கிறேன்" போதும். உரிமை என்பதை நினைவூட்டச் சட்டத்தின் இலக்கத்தைத் தலைப்பில் எழுதினால் அது செய்யும் வேலையை எந்த அடைமொழியும் செய்யாது.

அவர்களிடமிருந்து வரும் கடிதத்தில் அதே சொல்லின் மறுமுகத்தையும் பார்ப்பீர்கள். "யூ ஆர் ரிக்வெஸ்டட் டு சப்மிட்..." என்று வந்தால், அது வேண்டுகோள் போலத் தோன்றினாலும் உத்தரவுதான். விரும்பினால் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொண்டு கடிதத்தை மேசையில் போட்டுவிடாதீர்கள். கேட்ட விளக்கத்தைக் குறித்த திகதிக்கு முன் அனுப்புங்கள். இல்லாவிட்டால் தாமதம் உங்கள் பக்கத்தில் என்று கோப்பில் எழுதப்படும்.

5. தேவைப்படும் தாள்கள்

பட்டியல் சிறியது. 'ஆர்.டி.ஐ. 01' என்ற விண்ணப்பப் படிவம் இருக்கிறது ('ஆர்.டி.ஐ.' என்பது தகவல் அறியும் உரிமை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). அது கட்டாயம் இல்லை. அதே விவரங்களுடன் சாதாரணக் கடிதமும் செல்லும். "படிவம் முடிந்துவிட்டது, அடுத்த கிழமை வாருங்கள்" என்ற பதிலைக் கேட்டால் வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எழுத முடியாதவர்கள் வாய்மூலமும் கேட்கலாம். அதை எழுத்தில் பதிய வேண்டியது அலுவலரின் கடமை. வயதான பெற்றோருடன் போகிறவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், இருந்தால் மின்னஞ்சல், நிறுவனத்தின் பெயர், கேட்கும் தகவல், காலப்பகுதி, எந்த வடிவில் வேண்டும், எந்த மொழியில் வேண்டும், நீங்கள் இலங்கைப் பிரசை என்ற கூற்று, திகதி, கையொப்பம். தேசிய அடையாள அட்டையைக் கையில் கொண்டுபோங்கள்.

வடிவத்தில் "சான்றுப்படுத்தப்பட்ட பிரதி" என்று எழுதுவது நல்லது. பிறகு அதை வேறொரு அலுவலகத்திலோ நீதிமன்றத்திலோ காட்ட நேர்ந்தால் சாதாரணப் பிரதியை ஏற்கமாட்டார்கள். கோப்பு பெரியது என்று தெரிந்தால், முதலில் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். பார்த்துவிட்டு, வேண்டிய பக்கங்களுக்கு மட்டும் பிரதி எடுக்கலாம்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கேட்பார்கள். "எதற்கு உங்களுக்கு இது?" என்பது கொழும்பு அலுவலகங்களில் வணக்கத்துக்கு அடுத்த வசனம். காரணம் கூறுமாறு விண்ணப்பதாரரைக் கேட்க முடியாது என்று சட்டம் சொல்கிறது. சிரித்துக்கொண்டே "சட்டப்படி தேவையில்லை என்று சொன்னார்கள், ஐயா" என்று பதில் சொல்லுங்கள். வாக்குவாதம் செய்து பயன் இல்லை; எதிரே இருப்பவர் பெரும்பாலும் முடிவெடுக்கும் ஆளே அல்லர்.

6. ஒப்படைக்கும்போது இதை வாங்காமல் திரும்பாதீர்கள்

விண்ணப்பம் கிடைத்தமைக்கான எழுத்துமூல ஒப்புதலை உடனே தர வேண்டும். இந்தச் சிறு தாள் இல்லாவிட்டால் கீழே சொல்லப்போகும் காலக்கணக்கு எதையும் நிரூபிக்க முடியாது. எல்லாமே விண்ணப்பம் அவர்களுக்குக் கிடைத்த திகதியிலிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டு பிரதிகள் எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதி முத்திரையும் கையொப்பமும் கேளுங்கள். "பிறகு தபாலில் அனுப்புவோம்" என்றால், "என்னுடைய பிரதியில் முத்திரை மட்டும் குத்தித் தாருங்கள்" என்று நில்லுங்கள். அதுவும் முடியாது என்றால் பேச்சை வளர்க்காமல் வெளியே வந்து, அதே கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியின் பின்புறம் ஒட்டிவையுங்கள். உண்மையில் வெளியூரிலிருந்து வந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரில் கொடுப்பதைவிடப் பதிவுத் தபாலே சிறந்தது என்பது என் எண்ணம். அரைநாள் விடுப்பும் மிச்சம், வாக்குவாதமும் இல்லை.

உறையின் மேல் "தகவல் அலுவலர்" என்று பதவிப் பெயரை எழுதுங்கள். ஆளின் பெயரை எழுதினால், அவர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தால் கடிதமும் பின்னால் போகும்.

7. செலவு

விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. முதலிலேயே பணம் கட்டச் சொன்னால் எதற்கு என்று கேட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு 2017இல் வர்த்தமானியில் வெளியிட்ட கட்டணங்களின்படி, ஏ4 அளவு நிழற்பிரதியில் முதல் நான்கு பக்கங்கள் இலவசம். அதற்குமேல் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய், தாளின் இரு பக்கமும் என்றால் 4 ரூபாய். கோப்பை நேரில் பார்வையிட முதல் ஒரு மணித்தியாலம் இலவசம். பிறகு மணித்தியாலத்துக்கு 50 ரூபாய். மின்னஞ்சலில் அனுப்பினால் கட்டணம் இல்லை. போகும் முன் அலுவலகச் சுவரிலுள்ள பலகையில் நடப்புக் கட்டணத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வேறு சட்டத்தின் கீழ் ஏற்கெனவே கட்டணம் நிர்ணயிக்கப்பட்ட ஆவணங்களுக்கு அந்தக் கட்டணமே பொருந்தும்.

உண்மையான செலவு பஸ்ஸிலும் முச்சக்கர வண்டியிலும்தான் போகிறது. பத்தரமுல்லைக்கு இரண்டு முறை போய்வந்தால் நூறு பக்கப் பிரதியின் காசு தாண்டிவிடும். அதனால்தான் தபாலை வற்புறுத்துகிறேன்.

8. நாட்களை எண்ணும் முறை

விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள், தருவதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் முடிவெடுத்து அறிவிக்க வேண்டும். தருவதென்று முடிவெடுத்துக் கட்டணமும் செலுத்திவிட்டால், அந்த முடிவிலிருந்து 14 நாட்களுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். ஆவணங்கள் மிக அதிகமாக இருந்தாலோ, தகவல் தூரத்து அலுவலகத்தில் இருந்தாலோ மேலும் 21 நாட்கள்வரை நீட்டலாம். ஆனால் அதை உங்களுக்குக் காரணத்துடன் அறிவிக்க வேண்டும்.

வேலை நாட்கள் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சனி, ஞாயிறு, போயா, பொது விடுமுறைகள் எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். விடுமுறையில்லாத மாதத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். ஏப்ரல் முதல் வாரத்தில் கொடுத்தால் புத்தாண்டு குறுக்கே வரும். மே மாதத்தில் வெசாக் வரும். நாட்காட்டியில் கடைசி நாளைச் சிவப்பு மையால் குறித்துவிட்டு அதுவரை தொலைபேசியில் நச்சரிக்காமல் இருங்கள். நச்சரித்தால் "வருகிறது, வருகிறது" என்று சொல்லியே மேன்முறையீட்டுக் காலத்தைக் கடத்திவிடுவார்கள்.

ஒருவரின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் தொடர்புடைய தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். அதற்கான காரணத்தை விண்ணப்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். தடுத்துவைக்கப்பட்ட ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது போன்ற விடயங்களுக்கானது இது. பாடசாலை அனுமதிக்கோ வடிகாலுக்கோ இதை எழுதி மற்றவர்களின் வழியை அடைக்காதீர்கள்.

9. பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் பதிலாக இல்லாவிட்டால்

முதல் மேன்முறையீடு அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு. மறுத்தால் மட்டும்தான் செய்யலாம் என்று நினைக்காதீர்கள். காலக்கெடு தவறினால், அரைகுறையான அல்லது தவறான தகவல் தந்தால், அதிகக் கட்டணம் கேட்டால், கேட்ட வடிவில் தர மறுத்தால், ஆவணம் வேண்டுமென்றே அழிக்கப்பட்டது அல்லது தொலைக்கப்பட்டது என்று நம்பக் காரணம் இருந்தால் என்று எல்லாவற்றுக்கும் செய்யலாம். 14 நாட்களுக்குள் செய்ய வேண்டும். இங்கே கவனம்: இவை விடுமுறை நாட்களையும் சேர்த்து எண்ண வேண்டிய நாட்கள் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. இதற்கு 'ஆர்.டி.ஐ. 10' என்ற படிவம் இருக்கிறது. முதல் விண்ணப்பத்தின் பிரதியையும் ஒப்புதலையும் இணையுங்கள். மூன்று வாரத்துக்குள் முடிவு தர வேண்டும்.

என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகிறது. குறித்தளிக்கப்பட்ட அலுவலர் வழக்கமாக மூத்த பதவியில் இருப்பவர். தன் மேசைக்கு ஒரு மேன்முறையீடு வந்தால் கீழே தொலைபேசி எடுத்து "கொடுத்து அனுப்பிவிடுங்கள்" என்று சொல்லத் தோன்றும்.

அதற்கும் அசையாவிட்டால் கொழும்பிலேயே இருக்கும் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். குறித்தளிக்கப்பட்ட அலுவலரின் முடிவு கிடைத்ததிலிருந்தோ, முடிவு தர வேண்டிய காலம் கழிந்ததிலிருந்தோ இரண்டு மாதங்கள் இருக்கின்றன. உங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் தாமதமானால் அதை விளக்கி எழுதலாம். சட்டத்தரணி தேவையில்லை. விசாரணைக்கு அழைத்தால் ஆவணங்களைத் திகதி வரிசையில் அடுக்கிக்கொண்டு போங்கள். தகவலை மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு அந்த நிறுவனத்துடையது, உங்களுடையது அல்ல. மேன்முறையீடு கிடைத்து 30 நாட்களுக்குள் ஆணைக்குழு முடிவெடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விசாரணை ஒத்திவைக்கப்பட்டால் அதைவிட நீளும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். அந்த முடிவிலும் திருப்தி இல்லையென்றால் ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றம். அந்தப் படிக்குச் சட்டத்தரணி வேண்டும். வடிகாலுக்காக அவ்வளவு தூரம் போவதா என்பது உங்கள் பையையும் பொறுமையையும் பொறுத்தது.

10. தாள் கைக்கு வந்ததும்

பக்கங்களை எண்ணுங்கள். கடிதத்தில் "இணைப்பு 12 பக்கங்கள்" என்றிருந்து உறையில் 9 இருந்தால் அன்றே எழுதித் தெரிவியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் சான்றுப்படுத்திய முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கேட்ட அ, ஆ, இ, ஈ ஒவ்வொன்றுக்கும் பதில் வந்திருக்கிறதா என்று அடையாளமிடுங்கள். நான்கில் மூன்றுக்குப் பதில் தந்துவிட்டு ஒன்றைப் பேசாமல் விடுவது வழக்கமான உத்தி. விடுபட்டதற்கு மேன்முறையீட்டுக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இப்போதுதான் முறைப்பாடு எழுத வேண்டிய நேரம். தேவைப்பட்ட பத்திரம் கையில் இருக்கிறது. அதன் இலக்கத்தையும் திகதியையும் மேற்கோள் காட்டி மாநகர ஆணையாளருக்கு எழுதலாம். பிரதிகளைத் தொடர்மாடி வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன், உள்ளே அயலவர் எவருடைய பெயரோ, தொலைபேசி இலக்கமோ, அடையாள அட்டை இலக்கமோ இருக்கிறதா என்று பார்த்துக் கறுப்பு மையால் மறைத்துவிடுங்கள். அலுவலகத்தில் மறைக்க மறந்துவிடுவார்கள்.